ரேவி தனியாகக் குளிக்க ஓர் அறை

"நீ என்னைக் குளிப்பாட்டணும்னா நான் வீட்டுக்கே வரல, மெரானியா. ஏதாவது முதியோர் இல்லத்துல போட்டுரு."

ஹேஸ்டிங்ஸ் மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேவி இதைச் சொன்னார். வைரோவா இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் கத்தி பிடித்து நின்ற மனிதர். சர்க்கரை நோய் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டுவிட்டது. போன காலைப் பற்றி அவர் அதிகம் புலம்பவில்லை. நர்ஸ்கள் ஈரத்துணியோடு உடம்பைத் துடைக்க வரும்போதுதான் கண்ணை இறுக மூடிக்கொள்வார். அந்த வேலையை வீட்டில் மனைவி செய்யப்போகிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"அப்போ நீயே குளிச்சுக்கோ. யாரு வேண்டாம்னா?" என்றாள் மெரானியா.

"எங்க? நம்ம வீட்டுலயா? ரெண்டு கால் இருந்தப்பவே நான் அதுக்குள்ள சிக்கிக்குவேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர்களுடையது அரசாங்கம் அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த பலகை வீடு. அதன் பின்பக்கத்தில் மூன்று சின்ன அறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. முதலாவது குளியலறை. அதில் இரும்புத் தொட்டி ஒன்று பாதி இடத்தைப் பிடித்திருந்தது. தொட்டியின் விளிம்போ தொடை உயரம். அடுத்தது கழிப்பறை. உட்கார்ந்தால் முட்டி கதவில் இடிக்கும். மூன்றாவது துணி துவைக்கும் அறை. மூன்று அறைக்கும் மூன்று கதவு, மூன்றும் உள்பக்கமாகத் திறப்பவை. மனிதர் புழங்கிய இடத்தைவிடச் சுவரும் கதவும் தின்ற இடம் அதிகம்.

வீட்டைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டியவள் ப்ரிட்ஜெட் என்ற மருத்துவமனைப் பெண். நல்லவள்தான், ஆனால் சொன்னால் சொன்னதுதான். சக்கர நாற்காலி குளியலறைக்குள் போய், ஒரு முழு வட்டம் திரும்பி, வெளியே வர வேண்டும். அப்படி இருந்தால் ரேவி வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் நேப்பியரில் ஓர் இல்லத்தில் அவருக்குப் படுக்கை தயார். மாதக் கடைசியில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள்.

மெரானியா மருத்துவமனை வாசலிலேயே நின்று தம்பி அனாருவைக் கூப்பிட்டாள்.

அனாரு அவளோடு பிறந்தவர்களில் கடைசிப் பிள்ளை. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. மெரானியா பள்ளிக்கூடத்தைப் பதினைந்தில் நிறுத்திவிட்டு, தொழிற்சாலையில் இறைச்சி பொட்டலம் கட்டப் போய் அவனை வளர்த்தாள். தச்சு வேலை பழகினான். பிறகு கடல் தாண்டி மெல்போர்னுக்குப் போய் அடுக்குமாடி வீடுகளில் குளியலறையாகவே கட்டித் தள்ளினான். கல்யாணம் முறிந்தபோது திரும்பி வந்து ஹேஸ்டிங்ஸில் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். அவனைப் பற்றி மெரானியாவுக்கு இருந்த பெருமை உறவுக்காரர்களுக்கெல்லாம் தெரியும். நேப்பியரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், ஓட்டலின் பெண்கள் கழிப்பறையிலிருந்து வெளியே வந்ததும், மாப்பிள்ளை வீட்டார் நடுவில் நின்று, "மூலையில டைல்ஸ் கோடு கோணலாப் போயிருக்கு. என் தம்பி கை பட்டிருந்தா இப்படி இருக்காது" என்றாள். ரேவி தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா சொன்னதைக் கேட்ட அனாரு உடனே வீட்டைப் பார்க்கப் போகவில்லை. முதலில் மருத்துவமனைக்குப் போனான். அளவு நாடாவை எடுத்து, உட்கார்ந்த நிலையில் ரேவியின் தோள் உயரம், முழங்கை உயரம், கை எட்டும் தூரம் என்று ஒவ்வொன்றாக அளந்தான்.

"என்ன மச்சான், சவப்பெட்டிக்கா?" என்றார் ரேவி.

"அதுக்கு நீளம் மட்டும் போதும் மாமா. இது கைப்பிடிக் கம்பிக்கு. கொஞ்சம் சாஞ்சு, எழுந்திருக்கற மாதிரி கைய ஊனுங்க."

"இங்கயா?"

"அங்கதான். இப்போ கண்ண மூடிக்கிட்டு அதே மாதிரி ஊனுங்க."

"கண்ண எதுக்கு மூடணும்?"

"சோப்பு நுரை கண்ணுல இருக்கும்ல."

ரேவி கண்ணை மூடிக் கையை நீட்டினார். அனாரு கை விழுந்த இடத்தை அளந்தான். அந்த மருத்துவமனையில் ரேவி கூச்சமில்லாமல் கண்ணை மூடியது அன்றைக்குத்தான் என்று மெரானியா பின்னால் பலரிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனாரு வைரோவா வீட்டுக்கு வந்து, பின்பக்கத்து அறைகளை அளந்து வரைந்து, சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தான். நடுச்சுவர்கள் இரண்டும் போகும். மூன்று அறையும் ஒன்றாகும். இரும்புத் தொட்டி வெளியே போகும். ஷவர் தண்ணீர் நேரே தரையில் விழுந்து ஒரு மூலை வழியாக ஓடும். தாண்டுவதற்குப் படியோ விளிம்போ எங்குமில்லை. உள்பக்கம் திறக்கும் கதவுகளுக்குப் பதிலாக ஒரே தள்ளுகதவு. துவைக்கும் இயந்திரமும் துணி அலசும் தொட்டியும் கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்துச் சுவரில்.

"எப்படி இருக்கு, அக்கா?"

"பிரமாதமா இருக்குடா" என்றாள் மெரானியா. அவள் கண் அந்தக் கடைசிச் சுவரிலேயே நின்றது.

பழைய துவைக்கும் அறையில் சிமென்ட் தொட்டிகள் இரண்டு இருந்தன. இடதுபக்கத் தொட்டியில் உடுப்பு, சாக்ஸ், படுக்கை விரிப்பு. வலதுபக்கத் தொட்டியில் பாத்திரம் துடைக்கும் துணியும் மேசை விரிப்பும் மட்டும். உடம்பில் படுவதும் சாப்பாட்டில் படுவதும் ஒரே தண்ணீரைப் பார்க்கக் கூடாது. அந்தத் தெருவில் எந்த மாவோரி வீட்டிலும் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே தெரிந்துகொள்ளும். வரைபடத்திலோ ஒரே தொட்டி. அதுவும் கழிப்பறைப் பீங்கானுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்.

அவள் சொல்லவில்லை. தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு, கூலி பேசாமல் வந்திருக்கிறான். மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் ரேவிக்கு நேப்பியர் படுக்கைதான். இதில் போய்ப் பாத்திரத் துணிக்கு இடம் கேட்பதா? வாளியில் எங்காவது துவைத்துக்கொள்ளலாம் என்று மனத்தைக் கட்டினாள். கட்டினாலும் மனசு நிற்கவில்லை.

மறுநாள் காலை அனாரு கார் கொட்டகையின் சிமென்ட் தரையைக் கூட்டி, நீல நாடா ஒட்டி, புதிய குளியலறையை அசல் அளவில் வரைந்தான். எந்த வீட்டிலும் சுவரை உடைப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரை ஒரு காலைப்பொழுது நாடாவுக்குள் வாழவைப்பது அவன் வழக்கம். மீன் பெட்டி கைகழுவும் பீங்கான் ஆனது. சமையலறை நாற்காலி கழிப்பறை. அடுக்கி வைத்த பீர் பெட்டிகள் துவைக்கும் இயந்திரம். மாவோரிகள் கூடும் மராயே பொதுக்கூடத்தில் எப்போதும் கிடக்கும் சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்கி வந்திருந்தான்.

ரேவியின் தங்கை குயினி அடுத்த தெருவிலிருந்து டீக்கோப்பையோடு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"அண்ணி, கதவைச் சாத்திக்கிட்டுப் போங்க. நாங்க பாக்கமாட்டோம்."

"வாய மூடுடி."

மெரானியா சக்கர நாற்காலியில் ஏறி உள்ளே போனாள். ஷவர் மூலையில் நாற்காலியை நிறுத்தினாள், கையை நீட்டிப் பார்த்தாள், திரும்பினாள். திரும்பும்போது கால்மிதி பீர் பெட்டிகளில் இடித்து மேல்பெட்டி சரிந்தது.

"போச்சு, இயந்திரம் உடைஞ்சுது. இனி எங்கண்ணன் அழுக்குச் சட்டையோட திரிய வேண்டியதுதான்" என்றாள் குயினி.

அனாரு அளந்து பார்த்தான். "திரும்புது. ஆனா இடிக்காம திரும்பறதுக்கு ரொம்பப் பாத்துத் திரும்பணும். மாமா பாத்துத் திரும்பற ஆளு இல்ல." பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டான். "சரி, இப்போ எழுந்து துணி வேலையப் பாரு அக்கா. நெஜமாவே அழுக்குத் துணி எடுத்துட்டு வா. தினம் செய்யறத அப்படியே செய். யோசிக்காத."

மெரானியா கூடையைக் கொண்டுவந்தாள். சட்டைகளையும் துண்டுகளையும் பீர் பெட்டிகள் மேல் போட்டாள். குனிந்து, சின்ன வாளியில் தனியாக வைத்திருந்த பாத்திரத் துணிகளை எடுத்தாள். எடுத்தவள் நேரே நடந்து, நாடாச் சுவரைத் தாண்டி, கொட்டகைக்கு வெளியே, தோட்டத்துக் குழாயடியில் போய் நின்றாள்.

"ஐயையோ, அண்ணி சுவத்துக்குள்ள பூந்து போறாங்க! பேயாயிட்டாங்க!" குயினிக்கு டீ புரையேறியது.

அனாரு சிரிக்கவில்லை. "அக்கா, தொட்டி இங்க இருக்கு. நீ ஏன் அங்க போன?"

"சும்மாதான்."

"அக்கா."

"வெயில் நல்லா அடிக்குதேன்னு போனேன்."

"தூத்தல் போடுது அண்ணி" என்றாள் குயினி.

அனாரு அக்காவின் கையிலிருந்த துணியைப் பார்த்தான். பீர் பெட்டிகளைப் பார்த்தான். பெட்டிகளை ஒட்டியிருந்த நாற்காலியைப் பார்த்தான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கக்கூஸ் பக்கத்துல பாத்திரத் துணி. நான் போட்டிருக்கேன் பாரு. நான்!"

"மெல்போர்ன் தண்ணி அப்படி" என்றாள் குயினி. "விட்டா நாளைக்குச் சாப்பாட்டு மேசை மேல ஏறி உக்காருவான்."

"நேத்தே வரைபடத்தப் பாத்தேல்ல? ஏன் அக்கா சொல்லல?"

"நீ லீவு போட்டுட்டு வந்திருக்கடா. அவரு வீடு வரணும். துணி எங்க துவைச்சா என்ன இப்போ?"

"என்னவா? சின்ன வயசுல அந்த வலதுபக்கத் தொட்டியில தெரியாம சாக்ஸைப் போட்டதுக்கு நீ என் முதுகுல வெச்சது இன்னும் வலிக்குது. அப்போ மட்டும் அது பெரிய விஷயமா இருந்துச்சு, இப்போ இல்லையா?"

மெரானியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கண்ணில் நீரும் வந்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அனாரு எழுந்து, மீன் பெட்டியைத் தாண்டி, வீட்டுக்குள் போனான். அளவு நாடா இழுபடும் சத்தமும் சுவரைத் தட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் நடைவழியிலிருந்து கூப்பிட்டான். அங்கே ஓர் அலமாரி. உள்ளே ஆள் உயர வெந்நீர் சிலிண்டர், அதன்மேல் தட்டுகளில் படுக்கை விரிப்புகள்.

"இந்தச் சிலிண்டர் போகுது. வெளிச்சுவத்துல கேஸ் ஹீட்டர் ஒண்ணு மாட்டுவோம், ஒரு பெட்டி அளவுதான். துவைக்கற இயந்திரம் இந்த அலமாரிக்குள்ள வரும். உன் வலதுபக்கத் தொட்டி சமையலறைப் பின்கதவுக்கு வெளியே, கூரைக்கு அடியில. சாப்பாட்டுத் துணி சாப்பாட்டுப் பக்கம். குளியலறையில மாமா கண்ண மூடிக்கிட்டுத் திரும்பலாம்."

மெரானியா அலமாரிக்குள் கை வைத்தாள். விரிப்புகள் இளஞ்சூட்டோடு இருந்தன. குளிர்காலத்தில் படுக்கப்போகும்போது அந்தச் சூடு அவளுடைய ஒரே ஆடம்பரம்.

"என் விரிப்பெல்லாம் சில்லுன்னு ஆயிடுமேடா."

"மாமா வேணுமா, சூடான விரிப்பு வேணுமா?"

"ரெண்டும் வேணும்."

"எங்கண்ணன் வந்தா படுக்கை தானா சூடாயிடும், விடுங்க" என்றாள் குயினி. மெரானியா கையிலிருந்த ஈரத்துணியால் அவளை அடித்தாள். உடனே, உடம்பில் பட்டுவிட்டதே என்று துணியை மறுபடி வாளியில் போட்டாள், இரண்டு முறை துவைக்க.

அடுத்த சனிக்கிழமை போதகர் வந்து ஜெபம் சொன்ன பிறகு சுவர் உடைந்தது. உறவுக்காரப் பையன்கள் இரும்புத் தொட்டியை முக்கி முனகி வெளியே தூக்கினார்கள். குயினி அதைத் தன் குதிரைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி, யாரும் வாய் திறப்பதற்குள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். தொட்டி இருந்த இடத்தில் தரைப்பலகை ஊறிப்போய், விரலால் அழுத்தினால் கேக் மாதிரி உள்ளே போயிற்று. அதற்கு அடியில் புது மரச்சட்டம் போடும் வேலை சேர்ந்துகொண்டது. கேஸ் வேலைக்காரர் கிஸ்போர்னிலிருந்து வர வேண்டும். வருகிறேன் என்ற நாளில் வரவில்லை.

மெரானியாவுக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. தன்னுடைய துணிக்காக, புருஷனையே நேப்பியருக்கு அனுப்பிவிட்டோமோ? சமையலறையில் நின்று பன்றியெலும்பும் பூஹா கீரையும் மாவுருண்டையும் பெரிய பானையில் வேகவைத்தபடியே அதைத் தம்பியிடம் சொன்னாள்.

"மாத்தினது நல்லதுக்குத்தான் அக்கா" என்றான் அவன். "பழைய படத்துல மாமா தினம் ஒருதடவ அந்த இயந்திரத்துல இடிச்சிருப்பாரு. தினம் ஒருதடவ கோவம் வந்திருக்கும். கோவம் வந்தா உன்னக் கூப்பிட்டிருப்பாரு. கூப்பிடக் கூடாதுன்னுதானே இவ்வளவும்."

முதலாளியிடம் பேசி இன்னும் விடுப்பு வாங்கினான். ஷவர் பக்கத்துத் தரையைத் தாழ்த்தி, ரசமட்டம் வைத்து வைத்து வாட்டம் கொடுத்தான். நீர் கசியாத பூச்சு அடித்து, அது காயும் வரை யாரையும் எட்டிப் பார்க்கவும் விடவில்லை. சுவர் முழுக்க உள்ளே கனமான பிளைவுட் கொடுத்து, மருத்துவமனையில் ரேவியின் கை விழுந்த அதே உயரத்தில் கம்பிகளை முடுக்கினான். டைல்ஸ் வெளிர் பச்சை, தரையில் சொரசொரப்பு. மெரானியா ஒவ்வொரு மூலையிலும் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றி, அது எங்கும் தங்காமல் ஓடிப் போகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கதவுப் பக்கத்து மூலையில் ஒரு சொட்டு நின்றது.

"டேய், இங்க நிக்குது."

"அக்கா, அது ஒரு சொட்டு."

"நிக்குதுன்னா நிக்குது."

அவன் முணுமுணுத்துக்கொண்டே அந்த டைல்ஸைப் பெயர்த்து மறுபடி பதித்தான். அவளுக்கு அந்த முணுமுணுப்பைக் கேட்கவே பெருமையாக இருந்தது. வேறொருவனாக இருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பான்.

ப்ரிட்ஜெட் வந்த காலையில் கேஸ் வேலைக்காரர் அப்போதுதான் கருவிகளை எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ப்ரிட்ஜெட் தானே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே போய்த் தள்ளுகதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே மெரானியா, அனாரு, குயினி மூவரும் நடைவழியில் ஒட்டி நின்றார்கள். சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உருண்டது. ஷவர் திறந்து மூடும் சத்தம்.

"உள்ள தூங்கிட்டாளா?" குயினி கிசுகிசுத்தாள்.

கதவு திறந்தது. ப்ரிட்ஜெட்டின் சட்டைக் கை நனைந்திருந்தது. "எங்கயும் இடிக்கல. ரெண்டு தடவ சுத்திப் பாத்தேன்" என்றாள். "வியாழக்கிழமை அவரைக் கூட்டிட்டு வந்துடலாம்."

மெரானியா அவளைக் கட்டிக்கொண்டு, மாவோரி வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து, அப்புறம் ஒரு தட்டு வறுத்த ரொட்டியும் சிரப்பும் கொண்டுவந்து, முழுசாகத் தின்று முடிக்கும் வரை அவளை விடவில்லை.

வியாழக்கிழமை ரேவி வந்தார். அனாரு வாசலில் போட்டிருந்த சரிவுப்பாதையில் ஏறி, போதகர் புது அறையில் தண்ணீர் தெளித்து ஜெபித்து முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு இடம் இந்த வீட்டுல எங்க ஒளிஞ்சிருந்துச்சு மச்சான்?"

"சுவத்துக்குள்ள, மாமா."

"பச்சை கலர் யாரு சொன்னது?"

"உங்க வீட்டுக்காரம்மா."

"ஆஸ்பத்திரி கலர்" என்றார் ரேவி. துண்டையும் மாற்று உடுப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மெரானியா கதவை ஒட்டி நின்றாள். ஏதோ கீழே விழுந்து உருண்டது. சோப்பாக இருக்க வேண்டும். அவள் கை கதவுப் பிடிக்குப் போயிற்று.

"மெரானியா, வெளிய நிக்கறியா?"

"இல்லையே."

"கதவுக்கு அடியில உன் செருப்பு தெரியுது. போய் வேலையப் பாரு."

அவள் பின்கதவுக்குப் போனாள். அனாரு ரசமட்டத்தைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய வண்டியில் அவள் ஏற்கெனவே ஏற்றியிருந்த உருளைக்கிழங்கு மூட்டைக்கும் பீச் பழ ஜாடிகளுக்கும் மேல் புகைபோட்ட விலாங்கு மீன் பொட்டலம் ஒன்றையும் வைத்தாள்.

"அக்கா, நான் ஒத்த ஆளு. இதையெல்லாம் யாரு தின்னறது?"

"உன் முதலாளிக்குக் குடு. விடுப்பு குடுத்தாரில்ல."

அவள் தம்பியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சை டைல்ஸுக்கு நடுவே பூசிய சாந்து காய்ந்திருந்தது. அதைத் தன் நகத்தால் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றான்.

உள்ளே தண்ணீர் நின்றது. பிறகு தள்ளுகதவு உருளும் சத்தம், சக்கரச் சத்தம். ரேவி சமையலறைக்கு வந்தார். தலை சீவியிருந்தது, முகத்தில் சிவப்பு ஏறியிருந்தது, காதுக்குப் பின்னால் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கியிருந்தது.

மெரானியா அதைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"என்ன முறைச்சுப் பாக்கற?" என்றார் ரேவி. "குளிச்சுட்டு வந்த மனுஷனுக்கு இந்த வீட்டுல டீ கிடையாதா?"

"தோ, போடறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கெண்டியை எடுத்துக் குழாயடிக்குப் போனாள்.